அண்ணன் பேசிய கடை

9.8.1998

தம்பிக்கு,

வந்து சேர்ந்தேன். ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. நம் பாப்பா ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். மாப்பிள்ளை வரவில்லை, ஆபீசில் வேலையாம். மாடியில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர், அதில் ஒரு குழாய். பார்த்துக்கொண்டிருக்கலாம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் கோபித்துக்கொண்டு வரவில்லை. தெருவில் யாராவது கேட்டால், மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று எழுதிக் காட்டு. அது பொய் இல்லை.

கடை ஷட்டரின் இடது பக்கம் மழை ஈரத்துக்குப் பிடித்துக்கொள்ளும், எண்ணெய் விடு. துணி ஆலை மெக்கானிக் வந்தால் அவன் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்ள முயற்சி செய்யாதே. மீசைக்குள்ளேயே பேசுகிறவன். எழுதித் தரச் சொல்.

இத்தனை வருஷமாக நீ பின்னால் லேத்தில் நின்று தையல் மிஷின் பாகங்களைக் கடைந்தாய். நான் முன்னால் உட்கார்ந்து பேசினேன். உனக்குக் காது கேட்காது. எனக்கு ஒரு திருகாணிகூட நேராக வராது. ரெண்டையும் சேர்த்துக் கடை ஓடியது. அப்புறம் கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் விற்கிற அந்த மோடம்காரி வந்தாள். "சார், ஒரு மாசம் சும்மா வெச்சுப் பாருங்க. பிடிக்கலைன்னா நானே வந்து கழட்டிக்கிட்டுப் போறேன்" என்று சிரித்தாள். தெருவில் பாதிக் கடைக்காரர்கள் அவளை வாசலோடு அனுப்பினார்கள். உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்ட புத்திசாலி நான்தான்.

அந்த மோடம் பெட்டி டெலிபோன் லைனைப் பிடித்துக்கொண்டால் வேறு யாரும் கூப்பிட முடியாது என்பதை அவள் பிறகுதான் சொன்னாள். பழைய வாடிக்கைக்காரர்கள் நேரில் வந்து, "என்னங்க, ரிசீவரை எடுத்துக் கீழ வெச்சிட்டீங்களா?" என்று கேட்டார்கள். நீ உள்ளே யார் யாருக்கோ ஈமெயில் தட்டிக்கொண்டிருந்தாய். நான் அடிக்காத போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பாகம் விற்கிற கடையில் நான் எந்த மிஷினுக்குப் பாகம் என்று யோசித்துப் பார்த்தேன். பிடிபடவில்லை.

அன்றைக்கு நீ என் முகத்துக்கு நேராக நீட்டினாயே, அந்த ஈமெயிலைப் பற்றி இப்போது எழுத இஷ்டமில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்


23.8.1998

அண்ணா,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஷட்டருக்கு எண்ணெய் விட்டேன். மீசைக்காரர் வந்தார், எழுதித் தந்தார். அவர் கையெழுத்தும் மீசைக்குள்ளேயேதான் இருக்கிறது.

உங்களுக்கு எழுத இஷ்டமில்லை. எனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. அன்றைக்கு நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். மற்ற வீடுகளில் கோபம் வந்தால் கத்துவார்களாம். நம் வீட்டில் கோபம் என்றால் முதுகு. நீங்கள் முதுகைக் காட்டிவிட்டால் நான் கையை எவ்வளவு ஆட்டினாலும் என்ன பயன்?

தையல் பள்ளி நடத்தும் அந்த அம்மா எழுதியது மூன்றே வரி. "உங்களைப் பார்க்க வேண்டும் என்று உங்கள் அண்ணனிடம் பல தடவை கேட்டேன். நீங்கள் யாரையும் சந்திக்க விரும்புவதில்லை என்றார். இப்போது உங்களுக்கே எழுத வழி கிடைத்ததால் கேட்கிறேன்." அவ்வளவுதான்.

யாரையும் சந்திக்க விருப்பமில்லை என்று நான் எப்போது சொன்னேன்? என் பெயரில் வேறு என்னவெல்லாம் சொன்னீர்கள்? சண்டைக்காகக் கேட்கவில்லை. எனக்குத் தெரிய வேண்டும்.

மோடம்காரி வாரம் ஒரு தடவை வருகிறாள். காய்கறிப் பை மாதிரி ஒரு பையில் ஒயர்களை அள்ளிப் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குகிறாள். அவளுக்கு நம் சைகை தெரியாது. அதனால் கம்ப்யூட்டரில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வைத்து, அருகருகே உட்கார்ந்து மாற்றி மாற்றித் தட்டுகிறோம். "அண்ணன் எங்க?" என்று தட்டினாள். "மகள் வீட்டுக்கு" என்று தட்டினேன். அப்புறம், "நான் போற கடையில எல்லாம் யாராவது ஒருத்தர் எழுந்து போயிடறாங்க. யாரையும் கிளப்பி விடணும்னு நான் வரலை" என்று தட்டினாள். நான் படித்து முடித்ததும் அதை அழித்துவிட்டாள்.

போன வாரம் ஓர் ஆர்டர் வந்தது. இங்கே பகலாக இருக்கும்போது அங்கே இரவாம், அவ்வளவு தூரம். ஒரு தையல்காரர். அவர் மிஷினைச் செய்த கம்பெனியை மூடிவிட்டார்கள். ஒரே ஒரு பல்சக்கரம் உடைந்ததால் மிஷினைப் போர்வை போட்டு மூடி வைத்திருந்தாராம். இன்டர்நெட்டில் மோடம்காரி போட்டுத் தந்த நம் கடைப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, அளவோடு படம் வரைந்து அனுப்பினார். கடைந்து முடித்து விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நன்றாக வந்திருந்தது. உங்களிடம் காட்டலாம் என்று முன்பக்கம் வந்துவிட்டேன்.

தம்பி


6.9.1998

தம்பிக்கு,

கேட்டுவிட்டாய். சொல்கிறேன்.

"அந்த ஊமைகிட்ட சொல்லு, நாளைக்கே வேணும்" என்பார்கள். நான் பின்னால் வந்து, 'அவசரமாம், பாவம், நல்ல மனுஷன்' என்று கையால் சொல்வேன். மொத்த வியாபாரி ஒருவர், நீ செய்த தையல் மிஷின் ஷட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, "காது கேக்காதவன் செஞ்சதுன்னா அளவு சரியா இருக்குமா?" என்றார். காதால் அளக்கிற கடை வேறு தெருவில் இருக்கிறது, அங்கே போங்கள் என்று அனுப்பினேன். உன்னிடம் வந்து, உன் வேலையைப் புகழ்ந்துவிட்டுப் போகிறார் என்றேன். உன் முகம் மலர்ந்தது. அதற்காகத்தான் சொன்னேன்.

உனக்குப் பெண் பேச வந்தார்களே, நினைவிருக்கிறதா? பெண்ணின் அப்பா கடையில் நின்றுகொண்டு, "பொறக்கற குழந்தைக்கும் இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டுவிட்டு, தன் மச்சானைப் பார்த்துச் சிரித்தார். நான் அவர்களை வெளியே போகச் சொன்னேன். அவர்கள் வேறு இடம் பார்த்துவிட்டார்களாம் என்று உனக்குச் சொன்னேன். புதுச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு லேத்துக்குப் போனாய். அன்றைக்கு உன் அண்ணி சமையலறையில் அழுதது உனக்குத் தெரியாது. எனக்குக் கேட்டது.

வாசலில் வந்து விழுந்த பேச்சிலெல்லாம் கல் பொறுக்கிவிட்டுத்தான் உனக்குக் கொடுத்தேன். இதுதான் நான் உன் பெயரில் செய்தது.

தையல் பள்ளி அம்மா, "எங்க பொண்ணுங்களையும் கூட்டிட்டு வரேன், அவர் வேலை செய்யறதை அவங்க பாக்கணும்" என்றாள். நீ என்ன மிருகக்காட்சிச் சாலையா? முடியாது என்றேன். இன்னொரு தடவை வந்து கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

இனிமேல் உனக்குக் கல்லும் சேர்ந்துதான் வரும். பார்த்துக் கடி.

அண்ணன்


18.10.1998

அண்ணா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இத்தனை நாள் பதில் எழுதவில்லை. பெண் பார்த்த விஷயத்தைப் படித்ததும் எழுந்து போய் லேத்தைப் போட்டேன். அதன்மேல் கை வைத்துக்கொண்டு நின்றேன். கடைவதற்கு ஒன்றும் இல்லை.

கல் வந்தது. ஒருவருக்குப் பார்சல் தாமதமாகிவிட்டது. "போன் போட்டா எடுக்கறதில்லை. வாயைத் திறந்து பதில் சொல்லத் தெரியாதா?" என்று எழுதினார். அவருக்கு என்னைப் பற்றித் தெரியாது. முதலில் சிரித்தேன். அப்புறம் அன்றைக்கு வேலை ஓடவில்லை.

மோடம்காரியிடம் காட்டினேன். "பக்கத்துல இதைப் போட்டுடலாமா? நீங்க சொன்னா மட்டும்தான் போடுவேன்" என்று தட்டினாள். போடச் சொன்னேன். இப்போது நம் பக்கத்தில், பெயருக்குக் கீழே இப்படி இருக்கிறது: 'இங்கே பாகங்களைச் செய்பவருக்குக் காது கேட்காது. அவருக்கு எழுதுங்கள்.' அதற்குப் பிறகு சிலர் ஆர்டரை நிறுத்திக்கொண்டார்கள். காரணம் எழுதவில்லை. சிலர் புதிதாக வந்தார்கள். அவர்களும் காரணம் எழுதவில்லை.

தையல் பள்ளி அம்மாவை வரச் சொன்னேன். இதை உங்களைக் குத்திக்காட்ட எழுதவில்லை. ஆனால் கல் பொறுக்காமல் எழுதுகிறேன். அவர் கூட்டி வந்தது மூன்று பெண்கள். மூவருக்கும் காது கேட்காது. அந்த அம்மா கடைக்குள் வந்ததும் பையைக் கீழே வைத்துவிட்டுக் கையால் பேச ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்துச் சைகை. நான் சின்ன வயதில் கற்றுப் பாதி மறந்தது. அவர் கைகளும் தடுமாறின. பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுப்பது தவிர, நாலைந்து வருஷமாக யாரிடமும் இப்படி நெடுநேரம் பேசவில்லையாம். அவர் கணவருக்கும் காது கேட்காது. தையல் மிஷின் பழுது பார்க்கிறவர். நான் கடைந்த பாகங்களை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இந்த ஆளைப் பார்க்க வேண்டும் என்பாராம். முதல் தடவை அந்த அம்மா உங்களிடம் வந்து கேட்டபோது அவர் உயிரோடு இருந்தார்.

எனக்கு ஒரு நண்பர் இருந்திருப்பார், அண்ணா. எத்தனை நாளைக்கு என்று தெரியாது. ஆனால் இருந்திருப்பார்.

போனுக்குத் தனியாக இன்னொரு லைன் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு எதற்குப் போன் என்று டெலிபோன் ஆபீசில் கேட்டார்கள். என் அண்ணனுக்கு என்று எழுதிக் காட்டினேன்.

தம்பி


15.11.1998

தம்பிக்கு,

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. இருமல் விடமாட்டேன் என்கிறது. டாக்டர் நெஞ்சைப் படம் எடுக்கச் சொல்லியிருக்கிறார். எடுப்போம்.

மாப்பிள்ளை ஆபீசில் ஈமெயில் வந்துவிட்டதாம். "மாமா, நீங்க சொல்லுங்க, நான் தட்டி அனுப்பிடறேன், சித்தப்பா அடுத்த நிமிஷம் பாத்துடுவார்" என்கிறார். அடுத்த நிமிஷத்தில் படிக்கிற மாதிரி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்றேன். மனுஷன் முகம் வாடிவிட்டது. நல்லவர்தான். சாப்பிடும்போது மட்டும் கொஞ்சம் சத்தம் வரும். உனக்கு அந்தத் தொந்தரவு இல்லை.

லேத்துக்கு மேலே இருக்கிற விளக்கை மாற்றினாயா? கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

அந்த அம்மா தன் கணவரைப் பற்றி என்னிடம் சொல்லவில்லை. ஒரு தடவை, "எங்க வீட்டுலயும்..." என்று ஆரம்பித்தாள். அப்போது போன் அடித்தது. எடுத்தேன். பேசி முடித்துத் திரும்பினால் அவள் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தாள். கூப்பிட்டிருக்கலாம். பத்து அடிகூட இல்லை.

இன்னொரு லைன் எதற்கு? நான் வருகிறேன் என்று எழுதவில்லையே. வரமாட்டேன் என்றும் எழுதவில்லை.

அண்ணன்


10.1.1999

அண்ணா,

நெஞ்சைப் படம் எடுத்ததில் என்ன வந்தது என்று நீங்கள் எழுதவே இல்லை. ரெண்டு கடிதம் போட்டுவிட்டேன். இது மூன்றாவது.

புது லைன் வந்துவிட்டது. உங்கள் மேஜைமேல் போனை வைத்திருக்கிறேன். அடிக்கும்போது பக்கத்து ரொட்டிக் கடைக்காரர் ஓடி வந்து கையை ஆட்டிச் சொல்கிறார். நான் அதன்மேல் கை வைத்துப் பார்ப்பேன். உள்ளே நடுங்கும். எடுக்க மாட்டேன். எடுத்து என்ன செய்ய? நின்றபிறகு கையை எடுப்பேன். நேற்று ரொட்டிக் கடைக்காரர் ஒரு துண்டுக் காகிதத்தில், "எல்லாரும் உங்க அண்ணனைத்தான் கேக்கறாங்க" என்று எழுதிக் கொடுத்தார். ஆலை மெக்கானிக்கும் மீசையைத் தடவிக்கொண்டு அதையேதான் கேட்டார். எல்லோரும் கம்ப்யூட்டருக்கு வந்துவிடவில்லை. பாதிப் பேருக்கு இன்னும் குரல்தான் வேண்டும். மோடம்காரியே சொல்கிறாள்.

அவள் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். வாடிக்கைக் கடைகளை அப்படியே விட முடியாது என்று தானாகவே வந்துகொண்டிருக்கிறாள். "உங்க அண்ணன் வந்தா, அவர் தனக்குன்னு ஒரு அட்ரஸ் வெச்சுக்கட்டும். நான் கத்துத் தரேன். திட்டினாலும் பரவாயில்லை" என்று தட்டினாள்.

வாருங்கள். உங்கள் நாற்காலியில் நான் யாரையும் உட்கார விடவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். இனிமேல் சொல்கிறவர்கள் சொன்னதை அப்படியே எனக்குச் சொல்லுங்கள். கல்லோடு கொடுங்கள். என் பல் தாங்கும்.

இந்த ஊரில் இப்போது எனக்கு எழுதப் பலர் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துச் சைகையில் பேச அந்த அம்மாவும் பெண்களும் இருக்கிறார்கள். ஆனால் அம்மாவும் நீங்களும் நானும் சமையலறையில் உட்கார்ந்து உண்டாக்கிய கைப்பேச்சு இருக்கிறதே, அதில் பேச ஒருவரும் இல்லை. அம்மா இல்லை. அண்ணி இல்லை. பாப்பாவுக்குச் சாப்பாடு, தூக்கம், ஊசி, சினிமா தவிர மற்றதெல்லாம் மறந்துவிட்டது. நேற்றுக் கண்ணாடியில் என் கையைப் பார்த்து நானே பேசினேன். பைத்தியம் என்று நினைக்காதீர்கள்.

தம்பி


2.2.1999

தம்பிக்கு,

கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பயப்படாதே. எழுதுவது பாப்பா. பேனாவைப் பிடித்தால் விரல் நடுங்குகிறது. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள்.

நெஞ்சில் கட்டி. போன டிசம்பரிலேயே சொல்லிவிட்டார்கள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று இவளிடம் சத்தியம் வாங்கினேன். உன்னிடம் வருவதற்கு முன்னால் இதையும் வழியிலேயே நிறுத்தி வைத்தேன். கல்லோடு கொடு என்று நீ எழுதியிருந்தாய். இந்தா.

முந்தாநாள் மாப்பிள்ளையைப் பற்றி ஒன்று சொன்னேன். இவள் எழுத மாட்டேன் என்கிறாள். "அப்பா, அதெல்லாம் எதுக்கு, சித்தப்பா வருத்தப்படுவார்" என்று விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகிறாள். என் வாயிலிருந்து வந்தது, எனக்கு உரிமை இல்லையா என்றால், சும்மா இருங்கள் என்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் தண்ணீர் டம்ளரைத் தள்ளிவிட்டேன். அப்புறம் நெடுநேரம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். ரெண்டு நாளாக உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். உனக்கு ஒரு தடவை இல்லையே, வாழ்நாள் முழுக்க அல்லவா?

ஆனால் அந்தப் பெண்ணின் அப்பா சிரித்ததை மட்டும், கோபத்தில் எழுதிவிட்டேனே தவிர, இப்போது கேட்டாலும் உன்னிடம் கொண்டுவர மாட்டேன்.

அந்த நாற்காலியில் ஆள் போடு. தையல் பள்ளியில் காது கேட்கிற பெண்ணாக, கைப்பேச்சும் தெரிந்தவளாக ஒருத்தி இருப்பாள். போன் அடித்துக்கொண்டே இருப்பது கடைக்கு நல்லதில்லை. மோடம்காரியிடம் சொல், நான் அவளைத் திட்டியதெல்லாம் அவள் காதில் விழாமல்தான். அதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அண்ணன்

சித்தப்பா, நான் பாப்பா. அப்பா இதுக்கு மேல பேசலை. மூச்சு வாங்குது. எழுதினது போதுமான்னு கேட்டேன். தலையாட்டிட்டு, கையால ஏதோ காட்டினார். எனக்குப் புரியலை. ரெண்டு உள்ளங்கையையும் மேலேயிருந்து கீழே மெதுவா இறக்கினார். அப்புறம் வலது கைக் கட்டைவிரலால தோளுக்குப் பின்னால ரெண்டு தடவை காட்டினார். என்னப்பான்னா, "அவனுக்குத் தெரியும், எழுது" என்கிறார். பார்த்ததை அப்படியே எழுதிட்டேன். நீங்க சீக்கிரம் வாங்க.


14.2.1999

பாப்பாவுக்கு,

நேற்று மாலை கடைக்கு வந்து சேர்ந்தேன். ஷட்டரைத் தூக்கியதும் கீழே அப்பாவின் கடிதம் கிடந்தது. நீ எழுதிப் போட்டது. நான் கிளம்பிய பிறகு வந்திருக்கிறது.

உன் ஈமெயில் வந்த அன்று நான் கம்ப்யூட்டர் முன்னால்தான் இருந்தேன். மேலே ஒரு பாபின் கேஸ் ஆர்டர், கீழே ஒரு பாபின் கேஸ் ஆர்டர், நடுவில் மாப்பிள்ளையின் ஆபீஸ் முகவரி. உள்ளே, 'சித்தப்பா, அப்பா காலையில போயிட்டார்' என்று ஒரு வரி. மோடம்காரி பக்கத்தில் இருந்தாள். அதைப் படித்தாள். திரையில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வைத்தாள். ரெண்டு பேரும் ஒன்றும் தட்டவில்லை. அப்புறம் அவள்தான் எழுந்து போய் ரயிலுக்கு டிக்கெட் எடுத்து வந்தாள்.

அடக்கத்தன்று நீ கூட்டத்துக்கு நடுவில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டாய். உன் உதடுகள் நடுங்கியதால் எனக்குப் புரியவில்லை. கடிதத்தைப் படித்தபிறகு தெரிகிறது. அப்பா கையால் காட்டியதற்கு என்ன அர்த்தம் என்றுதான் கேட்டிருப்பாய். சொல்கிறேன்.

உள்ளங்கைகளைக் கீழே இறக்கினால் ஷட்டர். கட்டைவிரலால் பின்னால் காட்டினால் வீடு. 'கடை சாத்தியாச்சு, வா, வீட்டுக்குப் போகலாம்.' தினமும் வேலை முடிந்ததும் உன் அப்பா லேத்துக்கு எதிரே வந்து நின்று அதைத்தான் சொல்வார். நான் பெரும்பாலும் நிமிர்ந்து பார்க்காமலே, 'இதை மட்டும் முடிச்சிட்டு வரேன்' என்று ஒரு விரலைக் காட்டுவேன். அந்த ஒன்று சில நாள் மூன்றாகும், நாலாகும். அவர் மறுபடி சொல்ல மாட்டார். ஒரு மரப்பெட்டியை இழுத்துப் போட்டு, என் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிடுவார்.

ஒரு நாளாவது என்னை விட்டுவிட்டுத் தனியாக வீட்டுக்குப் போனதில்லை.

சித்தப்பா